வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது

தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் மெஹ்ஜபீன் வாயில் அந்த ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். "யாரோ தொறந்துட்டு மூடாம வுட்டிருப்பாங்க. ஆபரேட்டர் மிஸ்டேக்தான். சர்வர ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போடுங்க."

நூருல்லா பாயின் பில்லிங் சாஃப்ட்வேரை வாங்கிப் போட்ட கடைகள் திருவண்ணாமலையில் தெருவுக்கு ரெண்டு. அத்தனைக்கும் கோளாறு என்றால் போனை எடுப்பவள் இவள்தான். அரிசி மண்டியானால் என்ன, துணிக்கடையானால் என்ன, எல்லோருக்கும் வியாதி ஒன்றேதான். பில்லைப் போட்டு, சேமிக்கிற பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து குந்திக்கொள்ளும். 'இந்தப் பதிவு வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது. சற்றுப் பொறுத்து முயலவும்.' ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் ரெண்டு பேர் கைவைத்தால் எல்லாம் குழம்பிப் போகும் என்று, முதலில் திறந்தவர் மூடுகிற வரைக்கும் அடுத்தவரை அது உள்ளே விடாது. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது. திறந்தவர் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டால்? அதற்கு எந்தப் புண்ணியவான் என்ன செய்ய முடியும்.

பத்துக்கு ஒன்பது தடவை அவள் சொல்வது சரியாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் வினை. நாள் முழுக்க ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, எதிர்முனையில் இருப்பவர் பேசி முடிப்பதற்கு முன்பே அவளுக்குக் காது மூடிக்கொள்ளும். கழுத்தில் ஒரு வலி வேறு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. வேலையை விடவும் முடியாது, வைத்துக்கொண்டு மாரடிக்கவும் முடியவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து ஒரு வாய் வைப்பதற்குள் நூருல்லா பாய் வந்து நின்றார். "மெஹ்ஜபீன், பலராமன் கடைக்கு நேர்லயே போய்ட்டு வந்துடும்மா. போன்ல கத்து கத்துன்னு கத்தறாரு. அடுத்த மாசம் அவரு காண்ட்ராக்டு புதுப்பிக்கணும், ஞாபகம் வெச்சிக்க."

பாத்திரத்தை மூடிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். ஊரெல்லாம் தடுப்புக் கட்டை போட்டு வைத்திருந்தார்கள். வழக்கமாகப் போகிற வழி அடைத்துக் கிடந்தது, சுற்றுவழியில் வெளியூர் வேன்கள் நகர மாட்டேன் என்று நின்றன. வெயிலில் வெந்து தேரடிக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது.

பலராமன் கடை பூஜை சாமான் மொத்தக் கடை. கிரிவலப் பாதையில் கடை போடுகிற பாதிப் பேர் கற்பூரமும் நெய்விளக்கும் திரியும் பெட்டி பெட்டியாக இங்கேதான் எடுப்பார்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் என்றால் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. வாசலில் ஒரு மினி லாரி சரக்கை ஏற்றிக்கொண்டு பில்லுக்காக நின்றது. டிரைவர் ஹாரனை விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தான்.

"வாம்மா வா," என்றார் பலராமன். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சாவிக்கொத்து, குரல் மட்டும் ஊர் கேட்கிற குரல். "உன் சாப்ட்வேர வெச்சிக்கினு நான் படற பாடு இருக்குதே! ஆனா ஒண்ணு, இனிமே உனக்குத் தொந்தரவு கம்மி. அந்தப் பொண்ண நிறுத்திட்டேன். இன்னியோட சரி."

"எந்தப் பொண்ணுண்ணா?"

"பில்லு போடுதே, சிந்துஜா. நீதானம்மா போன்ல சொன்ன, ஆபரேட்டர் மிஸ்டேக்குன்னு? ஒரு தடவையா, ரெண்டு தடவையா? நானும் எவ்ளோதான் பொறுத்துப் போறது, நீயே சொல்லு."

மெஹ்ஜபீன் சொன்னாள்தான். போன வாரம் சொன்னாள், அதற்கு முந்தின வாரமும் சொன்னாள். ஒரு தடவை தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள். அந்த ஆபரேட்டருக்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு வீடு இருக்கும் என்றெல்லாம் யார் யோசித்தது?

சிந்துஜா கல்லாவுக்கு அடுத்த மேஜையில் இருந்தாள். மெலிந்த பெண், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. சேமிக்க முடியாத பில்களைத் துண்டுச் சீட்டில் எழுதி எழுதிக் கம்பியில் குத்தி வைத்திருந்தாள். அழுது முடித்த முகம். மெஹ்ஜபீனைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தாள். அந்த மரியாதை வேறு இவளைக் குத்தியது.

"என்ன பண்ணும்போது நிக்குது, ஒண்ணு போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டினாள். சிவப்புப் பெட்டி வந்தது. சர்வரில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று மெஹ்ஜபீன் பார்த்தாள். எல்லாமே 'அட்மின்'. அடக் கடவுளே! தனித்தனிப் பெயரும் தனித்தனிக் கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டுப் போனவள் இவள். 'எதுக்கும்மா ஆளுக்கு ஒண்ணு, எல்லாம் ஒரே குடும்பம்தானே' என்று பலராமன் கடை முழுவதையும் ஒரே பெயரில் உள்ளே விட்டு வைத்திருந்தார். யார் எந்தக் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அந்த அண்ணாமலையார் வந்து பார்த்தாலும் தெரியாது.

"எப்ப சேந்தம்மா நீ?"

"ஆடிப்பெருக்கு அன்னிக்குக்கா. நல்ல நாளுன்னு மாமனாரு கூட்டிக்கினு வந்து வுட்டாரு. ஓனரும் அவரும் பழக்கம்." அவள் குரலை இறக்கினாள். "மாமியாருக்கு இஷ்டமே இல்லக்கா. பி.காம் படிச்சிட்டு சும்மா கெடக்குதே, ஒரு எடம் அனுப்பிப் பாப்போம், சரிப்படலன்னா வூட்டோட இருக்கட்டும்னு மாமனாருதான் சொல்லி ஒத்துக்க வெச்சாரு. இது போச்சின்னா அவ்ளோதான். வேற எங்கயும் அனுப்ப மாட்டாங்க. ஆயுசுக்கும் வூடுதான்."

மெஹ்ஜபீன் திரையிலிருந்த பட்டியலை இன்னொரு தடவை மேலும் கீழும் ஓட்டினாள்.

"எனக்கே தெரியுதுக்கா," என்றாள் சிந்துஜா. "என் கைதான் சரியில்ல. காலையில ஓனரு கோயிலுக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் எல்லா பில்லும் போவுது. அவரு வந்து உள்ள ஒக்காந்தாருன்னா போச்சி. அவரு பாக்கறாருன்னு நெனச்சாலே எனக்குப் பதறுது. சரக்கு எடுக்க காஞ்சிபுரம் போனாரே, அன்னிக்கு ஒண்ணு கூட நிக்கல. எதையோ தப்பா அமுக்கறேன், எதுன்னுதான் தெரியல."

நல்லா இருக்கிறதே கதை, என்று மெஹ்ஜபீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பயந்த கை தப்பான எண்ணை அடிக்கும், தப்பான பெயரை அடிக்கும். ஒரு பதிவைப் பூட்டுமா? பூட்டாது. எந்த ஊர்க் கையானாலும் பூட்டாது.

"சில்லறை பில்லு நிக்குதா?"

"இல்லக்கா. அது போய்டும். பெட்டி பில்லுதான்."

பெட்டி பில்லில் மட்டும் என்ன இருக்கிறது? யோசித்தாள். பதில் அவள் மடியிலேயே இருந்தது. பெட்டிக்கு ஒரு ரூபாய் அண்ணாமலையாருக்கு என்று எடுத்து வைப்பது அந்தக் கடையின் வழக்கம். பலராமனின் அப்பா காலத்திலிருந்து அது ஒரு தகரப் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஆடிட்டர் கணக்கில் காட்டச் சொன்னார் என்று, ஆடிப்பெருக்கு அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து, 'சாமி கணக்கு' என்று ஒன்றைத் திறந்து கொடுத்ததே இவள்தான். பெட்டி பில் ஒன்றைச் சேமித்தால் அந்த ரூபாய் தானாகச் சாமி கணக்கில் போய் ஏறும். நல்ல நாள் என்று கணக்கையும் அன்றைக்கே ஆரம்பித்தார்கள், பெண்ணையும் அன்றைக்கே வேலையில் வைத்தார்கள். கோளாறும் அன்றைக்கே ஆரம்பித்தது. பழி யார் மேல் விழும்? கணக்கின் மேலா விழும்?

"ஓனர் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்குதே, அதுல என்ன பண்றாரு?"

"அதுல ஒண்ணும் பண்ண மாட்டாருக்கா. சும்மா பாக்கறதோட சரி."

சும்மா பார்க்கிறதோடு சரி! இந்தத் தொழிலில் இந்த ஒரு வார்த்தையை நம்பிக் கெட்டவர்கள் எத்தனை பேர். பலராமன் வாசலில் லாரி டிரைவரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மெஹ்ஜபீன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் அறைக்குள் போனாள்.

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தது. மேலே காலையில் வைத்த செவ்வந்தி. திரையில் சாமி கணக்கு. பார்க்கிற திரை இல்லை, திருத்துகிற திரை. ஒரு ரூபாய் என்று அடித்து, சேமிக்காமல், அப்படியே விட்டிருந்தது. அந்தத் திரை திறந்திருக்கிற வரைக்கும் கடையில் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் சாமி கணக்கில் ஒரு பைசா ஏறாது. ஏறாவிட்டால் பெட்டி பில் நகராது. இவ்வளவுதான் விஷயம். போனில் ஒரே ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால் வந்திருக்கும்.

மௌஸை அவள் தொடவில்லை. பூ வைத்த பொருள். அங்கிருந்தே நூருல்லா பாய்க்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொன்னாள்.

நூருல்லா பாய், "அவரு மெஷின்ல திருத்தற உரிமைய எடுத்துடு," என்றார். "எப்பத் தொறந்தாலும் பாக்கறதுக்கு மட்டும்தான் தொறக்கும், யாரையும் தடுக்காது. சர்வர்லேர்ந்தே மாத்திடலாமே. மாத்திட்டு சத்தம் போடாம வந்துடு. சாமி விஷயம்மா. உங்க சாமி கணக்காலதான் பில்லு நின்னுச்சின்னு நம்ம வாயால சொல்ல வேணாம். அவரு தங்கமான மனுசன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா கடையில நாலு பேரு இருப்பாங்க."

"அந்தப் பொண்ண நிறுத்தறாரு பாய்."

"அது அவங்க கடை சமாச்சாரம்."

"இல்ல பாய். நான் சத்தம் போடாம சரி பண்ணிட்டு வந்துட்டா, நாளைக்கு அவளும் இருக்க மாட்டா, கோளாறும் இருக்காது. அப்ப 'பாத்தியா, அவதான் காரணம்'னு ஆயிடும்."

நூருல்லா பாய் பெருமூச்சு விட்டார். "பாத்துப் பேசும்மா" என்று வைத்துவிட்டார்.

மெஹ்ஜபீனுக்குக் கால் கெஞ்சியது, வயிறு காய்ந்தது. பேசாமல் போய்விட்டால் என்ன என்று ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், தோன்றியது. வெளியே சிந்துஜா நின்றுகொண்டே இன்னொரு சீட்டை எழுதிக் கம்பியில் குத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, கொஞ்சம் உள்ள வாங்களேன்," என்று மெஹ்ஜபீன் கூப்பிட்டாள்.

பலராமன் வந்தார். கூடவே லாரி டிரைவரும் வந்தான், சுமை தூக்குகிற ரெண்டு பேரும் வந்தார்கள். தனியாகச் சொல்லலாம் என்று பார்த்தால் அந்தக் கடையில் எதுதான் தனியாக நடக்கிறது!

"இதத் தெனமும் தொறந்து வெக்கறீங்களாண்ணா?"

"ஆமா. காலையில வந்ததும் சாமி கணக்குல என் கையால ஒரு ரூபா போட்டு வெச்சிடுவேன். ராத்திரி கடை சாத்தறப்பதான் மூடுவேன். சில நேரம் அதுவாப் போய்டும், மறுபடி தொறந்து வெச்சிப்பேன். எதுக்குக் கேக்கற?"

அதுவாகப் போய்விடுமாம். இவள் போனில் சர்வரை அணைக்கச் சொன்னபோதெல்லாம் போயிருக்கிறது. அவர் மறுபடி திறப்பதற்குள் நாலு பில் ஓடியிருக்கிறது. அதை வைத்துத்தான் இவளும் சரியாகிவிட்டது என்று நம்பியிருக்கிறாள்.

"பில்லு நிக்கறது இதாலதாண்ணா. நீங்க தொறந்து வெச்சிருக்கறவரைக்கும் வேற யாரும் இதுல எழுத முடியாது. பெட்டி பில்லு ஒவ்வொண்ணும் இதுல எழுதணும். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல."

பலராமன் முகம் சிவந்தது. "சாமி கணக்கத் தொறந்து வெச்சதாலயா? என்னம்மா பேசற நீ?"

"சாமி மேல ஒண்ணும் இல்லண்ணா. எந்தக் கணக்க அப்பிடித் தொறந்து வெச்சாலும் இதேதான். நீங்க காஞ்சிபுரம் போன அன்னிக்கு எல்லா பில்லும் போச்சாம். ஏன் போச்சி? இது தொறக்கல. இப்ப ஒரு தடவ மூடிப் பாருங்க, தெரிஞ்சிடும்."

"வியாபார நேரத்துல மூட மாட்டேன். மூடவே கூடாது."

"ஒரு ரூபாய சேமிச்சிட்டு ஒரு தடவ மூடுங்க போதும். அடுத்த நிமிசம் மறுபடி தொறந்துக்கலாம். யாரையும் தடுக்காத மாதிரி நான் மாத்திக் குடுத்துடறேன். நாள் பூரா தொறந்தே இருக்கட்டும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே டிரைவரின் கூட்டாளி ஹாரனை அழுத்தினான். சிந்துஜா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றாள். கடைசியில் பலராமன் செருப்பைக் கழற்றிவிட்டு, ரெண்டு கையையும் கூப்பி, "அப்பா அண்ணாமலையாரே, மன்னிச்சிடு" என்று கண்ணை மூடினார். பிறகு தன் விரலாலேயே அழுத்தினார். திரை மூடிக்கொண்டது.

"போடும்மா ஒண்ணு," என்று மெஹ்ஜபீன் வெளியே பார்த்துச் சொன்னாள். சிந்துஜா போட்டாள். சேமித்தாள். சிவப்புப் பெட்டி வரவில்லை. பிரிண்டர் கரகரவென்று பில்லைத் தள்ளியது. டிரைவர் அதைக் கிழித்துக்கொண்டு, "இதுக்கா இவ்ளோ நேரம்!" என்று ஓடினான்.

சாமியிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர் சிந்துஜா பக்கம் திரும்பவே இல்லை. மேஜையிலிருந்த செவ்வந்தியை எடுத்து நேராக வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மெஹ்ஜபீன் விடுவதாக இல்லை. "அப்ப அவ நாளைக்கு வரலாந்தானேண்ணா?"

"நான் என்னாத்த சொல்லட்டும்," என்றார் பலராமன். குரல் இறங்கிவிட்டிருந்தது. "காலையிலயே அவ மாமனாருக்குப் போன் பண்ணி சொல்லிட்டேனே. உங்க மருமகளுக்கு இந்த வேலை சரிப்படலன்னு."

கண்ணாடிக் கதவு திறந்தேதான் இருந்தது. சிந்துஜா காதில் விழாமல் இருக்க வழியில்லை. அவள் சட்டென்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடி போன் பண்ணுங்க."

"பண்ணி?"

"தப்பு நடந்துபோச்சின்னு சொல்லுங்க."

"நீயே சொல்லிடும்மா. கம்ப்யூட்டர் சமாச்சாரம், எனக்கு எப்பிடி சொல்றதுன்னு தெரியாது." எண்ணை அழுத்தி அவள் கையில் போனைத் திணித்தார். தெரியாதாம்! சரிப்படவில்லை என்று சொல்ல மட்டும் தெரிந்திருந்தது.

எதிர்முனையில் நிதானமான குரல் கேட்டது. மெஹ்ஜபீன் தான் யார் என்று சொன்னாள். "ஐயா, உங்க மருமக மேல தப்பில்லீங்க. அவங்க தப்புன்னு சொன்னது நான்தான். பாக்காம கொள்ளாம போன்லயே சொல்லிட்டேன். இன்னிக்கு நேர்ல வந்து பாத்தேன், அவங்க தப்பே இல்ல. வேலையெல்லாம் நல்லா செய்றாங்க. அவங்கள வுடாம அனுப்புங்க ஐயா."

"அப்பிடியாம்மா." பின்னால் ஒரு பெண்குரல் என்னவோ கேட்டது. "சரி. வூட்ல பேசிக்கறோம்." வைத்துவிட்டார்.

மெஹ்ஜபீன் போனைப் பலராமனிடம் கொடுத்தாள். சிந்துஜா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா சொன்னாரு?"

"வூட்ல பேசிக்கறாங்களாம்."

சிந்துஜா தலையை ஆட்டினாள். அழவில்லை. "எங்க வூட்ல ஒண்ணு முடிவு பண்ணிட்டா அப்புறம் பேச மாட்டாங்கக்கா," என்றாள். அதில் கோபம் கூட இல்லை. மெஹ்ஜபீனுக்குத்தான் கண் கரித்தது. பூட்டிக் கிடந்த கணக்கை ஒரு விரலால் திறந்தாயிற்று. போனில் அலட்சியமாக விட்ட ஒரு வார்த்தையை எங்கே போய்த் திரும்ப வாங்குவது? "நான் வேணா உங்க வூட்டுக்கு வந்து சொல்லட்டுமா?" என்றாள்.

"பாக்கலாம்க்கா."

"நாளைக்கு வந்துடும்மா," என்றார் பலராமன், அவளைப் பார்க்காமல். "பௌர்ணமி, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்."

"கேட்டுப் பாக்கறேண்ணா."

சிந்துஜா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கம்பியிலிருந்து சீட்டுகளை மொத்தமாக உருவி மேஜையில் அடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். முதல் பில் போயிற்று. அடுத்தது போயிற்று. பிரிண்டர் ஓயவில்லை. பலராமன் மெதுவாக வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கை பதறவும் இல்லை. சீட்டைப் பார்ப்பதும் அடிப்பதும் சேமிப்பதுமாக விரல்கள் பாட்டுக்கு ஓடின. சுமை தூக்குகிறவர்கள் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அதை வேடிக்கை பார்த்தார்கள். இந்தப் பெண் இவ்வளவு வேகமாக பில் போடுவாள் என்று அந்தக் கடையில் இன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.